கணினி இல்லாமல் குறுந்தகட்டில் ஒலிப்பதிவு

கணினியின் துணையின்றி, வீட்டு ஒலியமைப்பில் கேசட் டெக் வகித்துவந்த இடத்தில் அமர்ந்து, இசைத்தட்டு, ஒலிநாடா, வானொலி ஆகியவற்றிலிருந்து வரும் ஒலியை நேரடியாகக் குறுந்தகட்டில் பதியும் கருவியே சிடி ரெக்கார்டர். 1982இல் சந்தைக்கு வந்த குறுந்தகடு கேட்பதற்கு மட்டுமே உரியதாக இருந்தது; எழுதத்தக்க சிடி-ஆர் தகட்டுக்கான வரையறையை பிலிப்ஸும் சோனியும் ‘ஆரஞ்சு நூல்’ என்ற பெயரில் 1990இல் வகுத்தளித்த பிறகும், பிலிப்ஸ், பயனியர் முதலிய நிறுவனங்களின் வீட்டுக் கருவிகள் பரவலாகக் கிடைக்க அப்பத்தாண்டின் பிற்பகுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று இவை பெரும்பாலும் பழைய பொருளாகவே கைமாறுகின்றன என்றாலும், இசைத்தட்டுகளும் கேசட்டுகளும் அலமாரியில் தேங்கிக் கிடக்கும் வீடுகளில் இக்கருவிக்கு இன்னும் வேலை இருக்கிறது.

ஆலையில் அச்சிட்ட குறுந்தகட்டில் குழிகள் வார்ப்பிலேயே அமைந்துவிடுகின்றன. சிடி-ஆர் தகட்டிலோ உலோகப் பூச்சுக்கு முன்னால் ஒரு சாயப்படலம் இருக்கிறது. 780 நானோமீட்டர் அளவிலான அலைநீளமுள்ள லேசர் கதிர், படிக்கும்போது உள்ளதைவிடப் பல மடங்கு ஆற்றலுடன் அச்சாயத்தைச் சுட்டு, ஒளியைக் குறைவாகத் திருப்பியனுப்பும் தடங்களை உண்டாக்குகிறது. சாயத்தின் இயல்பு தகட்டுக்குத் தகடு வேறுபடுவதால், பதிவு தொடங்குமுன் தகட்டின் உட்புறத்தில் இதற்கென ஒதுக்கப்பட்ட பகுதியில் கருவி தன் லேசரின் ஆற்றலைச் சோதித்துச் சரிசெய்துகொள்கிறது. சுட்ட சாயம் பழைய நிலைக்குத் திரும்பாது. பிழையான பதிவைத் திருத்த வழியில்லை. அழித்து எழுதத்தக்க சிடி-ஆர்டபிள்யூ தகட்டில் சாயத்துக்குப் பதிலாக ஓர் உலோகக் கலவை இருக்கிறது. ஆனால் அது திருப்பியனுப்பும் ஒளி மிகக் குறைவு என்பதால் பழைய பிளேயர்கள் பலவற்றில் அது பாடாது. பழகுவதற்கு அதையும் பாதுகாப்பதற்கு சிடி-ஆரையும் கொள்வதே தக்கது.

வெற்றுத்தகடு வாங்குவதில் ஒரு சிக்கல் உண்டு. டிஜிட்டல் நகலெடுப்பு குறித்து இசை நிறுவனங்கள் கொண்ட அச்சத்தின் விளைவாக அமெரிக்காவில் 1992இல் இயற்றப்பட்ட வீட்டு ஒலிப்பதிவுச் சட்டம், இத்தகைய கருவிகளின் மீதும் வெற்றுத்தகடுகளின் மீதும் உரிமத்தொகை விதித்ததோடு, நகலிலிருந்து நகல் எடுப்பதைத் தடுக்கும் ஏற்பாட்டையும் கட்டாயமாக்கியது. இதனால் வீட்டுக் கருவிகள், ‘ஆடியோ’ அல்லது ‘மியூசிக்’ எனக் குறிக்கப்பட்டு அதற்குரிய குறியீட்டைத் தாங்கிய தகடுகளையே ஏற்கின்றன. கணினிக்கான மலிவுத் தகடுகள் தொழில்முறைக் கருவிகளுக்கே பொருந்தும். பழைய கருவி வாங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டியது இதையே.

இணைப்பு எளிது. ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் ‘ரெக் அவுட்’ எனக் குறித்த துளைகளிலிருந்து பதிவுக்கருவியின் உள்ளீட்டுக்கும், கருவியின் வெளியீட்டிலிருந்து ஆம்ப்ளிஃபயரின் ‘டேப்’ உள்ளீட்டுக்கும் வடங்கள் செல்ல வேண்டும். ரெக் அவுட்டில் வரும் ஒலி, வால்யூம், பாஸ், ட்ரெபிள் திருகுகளுக்கு முன்பே பிரிந்துவிடுவதால், அறையில் ஒலியைக் கூட்டினாலும் குறைத்தாலும் பதிவு மாறுவதில்லை. இசைத்தட்டுச் சுழலியின் முள் தரும் மின்குறி மிக நுண்ணியது என்பதால், அது அதைப் பெருக்கும் ஃபோனோ நிலையைக் கடந்தே கருவியை அடைய வேண்டும்.

உண்மையான கவனம் தேவைப்படுவது ஒலியளவை அமைப்பதில்தான். காந்த நாடா, அளவுமானியின் முள் சுழியைச் சற்றுத் தாண்டினாலும் பொறுத்துக்கொள்ளும், குறுந்தகடு பொறுக்காது. நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 பிட் எண்ணாகக் குறிக்கும் இம்முறையில், சுழி டெசிபல் என்பது குறிக்கத்தக்க ஆகப்பெரிய எண். அதற்கு மேற்பட்ட ஒலியலையின் முகடு அப்படியே வெட்டுண்டு கரகரப்பாகக் கேட்கும். எனவே பதிவுக்கு முன், இசையின் மிக உரத்த பகுதியை ஒலிக்கவிட்டு, மானி சுழிக்குக் கீழே நான்கைந்து டெசிபலில் நிற்குமாறு திருகை அமைக்க வேண்டும். குறுந்தகட்டுக்கு ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சு இருக்க, இசைத்தட்டும் கேசட்டும் அதற்கு வெகுவாகக் குறைந்த வீச்சையே தருவதால், இந்த இடைவெளியால் இழப்பு எதுவுமில்லை. கர்நாடக இசைக் கச்சேரியின் ஒலிநாடாவை எடுத்துக்கொண்டால், தொடக்கத்தில் வரும் வர்ணத்தையோ ஆலாபனையையோ கொண்டு அளவு வைப்பவர், தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கத்தின் அடி சுழியை முட்டும்போதுதான் தவற்றை உணர்வார். அளவு வைக்க உரிய இடம் அந்தத் தனியே. பதிவு ஓடும்போது திருகைத் தொடுவது அதைவிடத் தவறு, ஏனெனில் கலைஞர் அமைத்த ஏற்ற இறக்கம் அதனால் குலைகிறது. மாறாக, இசைத்தட்டின் கீறல் எழுப்பும் ஒரு சொடுக்கு சுழியைத் தொட்டால் அஞ்ச வேண்டியதில்லை, அது இசையன்று.

பாட்டுக்குப் பாட்டு எண்ணிடும் வேலையைக் கருவியிடமே விட்டால், சில நொடி அமைதியைக் கொண்டு அது புதிய எண்ணைத் தொடங்கும். இசைத்தட்டின் இரைச்சலும், கச்சேரியின் தம்புராவும் கைதட்டலும் அந்த அமைதிக்கு இடம்தருவதில்லை என்பதால், உடனிருந்து கேட்டுக்கொண்டே பொத்தானை அழுத்துவதுதான் வழி. ஒரு தகட்டில் 99 எண்கள் வரை இடலாம். இட்டபின் நகர்த்த இயலாது. 74 அல்லது 80 நிமிடத் தகட்டில் நீள்இசைத்தட்டு ஒன்றின் இரு பக்கங்களும் தாராளமாக அடங்கும்.

பதிவு முடிந்ததும் தகடு எல்லாப் பிளேயர்களிலும் பாடிவிடாது. எந்தப் பாட்டு எங்கே தொடங்குகிறது என்னும் பட்டியல் அதுவரை தற்காலிக இடத்தில் இருக்கும். ‘ஃபைனலைஸ்’ என்ற கட்டளை கொடுத்த பின்னரே அது தகட்டின் தொடக்கத்தில் நிலையாக எழுதப்படுகிறது. சில நிமிடம் பிடிக்கும் இவ்வேலையின் நடுவே மின்சாரம் போனால் தகடு பாழாகலாம் என்பதால், மின்வெட்டு எதிர்பார்க்கப்படும் வேளையைத் தவிர்ப்பது நலம். ஃபைனலைஸ் செய்தபின் புதிதாக எதையும் சேர்க்க முடியாது.

சாயப்படலம் வெயிலுக்கும் வெப்பத்துக்கும் ஆற்றாது. மேற்புறத்தில் ஒட்டும் காகிதச் சீட்டும் தகட்டின் சமநிலையைக் கெடுக்கும். ஃபைனலைஸ் செய்த தகட்டைக் கணினி வாயிலாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 10 மெகாபைட் வீதம் சுருக்கப்படாத கோப்பாக எடுத்து வன்தட்டிலும் வைத்துக்கொள்ளலாம்; வேறெங்கும் கிடைக்காத கச்சேரிகளுக்கு இந்த இரண்டாம் பிரதி கட்டாயம் வேண்டும்.