தலைமைக் குழுவின் செயல்திறனும் குறையை வெளிப்படுத்தும் சூழலும் – ஃபோர்டு நிறுவனத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

பெருநிறுவனத் தலைமைக் குழுவின் செயல்திறன், உறுப்பினர்களின் தனித்திறனைக் காட்டிலும் குறைகளை அச்சமின்றி வெளிப்படுத்தும் சூழலையே பெரிதும் சார்ந்துள்ளது என்பதை ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் அனுபவத்தின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தலைமைக் குழு, முதன்மைச் செயல் அலுவலர், மீளாய்வுக் கூட்டம், உளவியல் பாதுகாப்பு

முன்னுரை

உற்பத்தி, விற்பனை, நிதி, மனிதவளம் முதலிய பிரிவுகளின் தலைவர்கள் ஒருங்கே அமர்வதால் மட்டும் தலைமைக் குழு உருவாகிவிடுவதில்லை. அவரவர் பிரிவைக் காத்துக்கொள்வதே நோக்கமாயின், அது தனித்தனித் தலைவர்களின் கூட்டமாகவே நின்றுவிடும். அடுத்த முதன்மைச் செயல் அலுவலர் இவர்களுள் ஒருவராக வரக்கூடும் என்பதால், தம் பிரிவின் குறையை ஒப்புக்கொள்வது போட்டியாளரிடம் படைக்கலத்தைக் கொடுப்பதற்கு ஒப்பாகும். எனவே தலைவர் அறியவேண்டிய செய்தி காலந்தாழ்ந்தே அவரை வந்தடைகிறது. இந்நிலையை மாற்றும் வழி யாது என்பது இங்கு ஆராயப்படுகிறது.

ஃபோர்டின் மீளாய்வுக் கூட்டங்கள்

விமானத் தயாரிப்பு நிறுவனமான போயிங்கில் பணியாற்றிய ஆலன் முலாலி 2006 செப்டம்பரில் ஃபோர்டின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அவ்வாண்டில் அந்நிறுவனம் 1,200 கோடி டாலருக்கும் மேற்பட்ட இழப்பைச் சந்தித்தது. எனினும், அவர் போயிங்கிலிருந்து புதிய குழுவை அழைத்துவரவில்லை. இருந்த குழு கூடும் முறையை மாற்றினார். வியாழக்கிழமைதோறும் வணிகத் திட்ட மீளாய்வுக் கூட்டம் நடைபெற்றது. அதில் பங்கேற்பது கட்டாயமாக்கப்பட்டது. பிறரை இழிவுபடுத்தும் நகைப்புரைகளும் தனிப்பேச்சுகளும் விலக்கப்பட்டன. திட்டப்படி நடக்கும் பணியைப் பச்சையாலும், இடர்ப்பாடு தோன்றியுள்ள பணியை மஞ்சளாலும், திட்டத்திலிருந்து விலகிய பணியைச் சிவப்பாலும் பிரிவுத் தலைவர்கள் குறித்துக்காட்ட வேண்டியிருந்தது.

தொடக்க வாரங்களில் ஏறத்தாழ எல்லா அறிக்கைகளும் பச்சையாகவே இருந்தன. இவ்வளவு இழப்பைச் சந்திக்கும் நிறுவனத்தில் குறையே இல்லையா என முலாலி வினவினார். பின்னர் ஒரு கூட்டத்தில், அமெரிக்கக் கண்டங்களுக்கான பிரிவின் தலைவர் மார்க் ஃபீல்ட்ஸ், கனடாவின் ஓக்வில் ஆலையில் 'எட்ஜ்' காரின் வெளியீடு தொழில்நுட்பக் கோளாற்றால் நிறுத்தப்பட்டதைச் சிவப்பால் குறித்தார். அவையில் அமைதி நிலவியது. முலாலி கைதட்டிப் பாராட்டினார். இவருக்கு யார் உதவ முடியும் எனக் கேட்டார். பிற பிரிவினர் உதவ முன்வந்தனர். அடுத்தடுத்த வாரங்களில் ஏனையோர் அறிக்கைகளிலும் மஞ்சளும் சிவப்பும் தோன்றலாயின.

உளவியல் பாதுகாப்பு

வண்ணக் குறியீட்டு முறை இருந்தும் உண்மை உடனே வெளிவரவில்லை என்பது இங்குக் கருதத்தக்கது. முதல் சிவப்புக் குறிக்குத் தலைவர் காட்டிய எதிர்வினையே அம்முறைக்கு உயிரூட்டியது. அன்று அவர் சினந்திருப்பின், அக்குறியீடு குறையை மறைக்கும் கருவியாகவே நீடித்திருக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களிடம் மேற்கொண்ட ஆய்வு இதற்குத் துணைநிற்கிறது. சிறப்பாகச் செயல்பட்ட குழுக்களிலேயே மருந்து வழங்கலில் நேர்ந்த பிழைகள் மிகுதியாகப் பதிவாகியிருந்தன. அக்குழுக்கள் மிகுதியாகப் பிழை செய்தன என்பதைவிட, பிழையை மறைக்காமல் பேசின என்பதே அதற்கு அவர் தந்த விளக்கம். குழுவினரிடையே நிலவும் இவ்வச்சமின்மையை உளவியல் பாதுகாப்பு என்னும் கருத்தாக்கமாக 1999-இல் அவர் விரித்துரைத்தார்.

முடிவுரை

2009-இல் ஜெனரல் மோட்டார்ஸ், கிறைஸ்லர் ஆகியவை திவால் பாதுகாப்பை நாடிய நிலையில், ஃபோர்டு ஏறத்தாழ 270 கோடி டாலர் இலாபம் ஈட்டியது. இதற்குக் கூட்ட முறை ஒன்றே காரணம் எனல் பொருந்தாது; 2006 இறுதியில் சொத்துகளை ஈடுவைத்துத் திரட்டிய 2,300 கோடி டாலருக்கும் மேற்பட்ட நிதியும் பேரளவில் உதவியது. ஆயினும், திரட்டிய நிதியை எங்குச் செலவிடுவது என்று முடிவுசெய்ய, எங்குக் குறை உள்ளது என்பது தெரிந்திருக்க வேண்டும். அத்தெளிவை மீளாய்வுக் கூட்டங்கள் வழங்கின. முதல் சிவப்புக் குறியை இட்ட ஃபீல்ட்ஸே 2014-இல் முலாலியை அடுத்துத் தலைமைப் பொறுப்பை ஏற்றார். குழுவின் திறனை வளர்க்க விழையும் தலைவர், ஆட்களை மாற்றுவதற்கு முன், கசப்பான செய்தியைத் தாம் எவ்வாறு எதிர்கொள்கிறார் என்பதை ஆராய்தல் வேண்டும் என்பதே இதனால் பெறப்படும் முடிவாகும்.