வைத்தியர் ஷிப்மன்: மரணச் சான்றிதழுக்குப் பின்னால் மறைந்த கொலைகள்

தொடர் கொலையாளி என்றதும் இருட்டும் கத்தியும் முகம் தெரியாத ஒருவனும்தான் நினைவுக்கு வரும். ஆனால் பிரித்தானியாவில் மிக அதிகமானோரைக் கொன்ற தொடர் கொலையாளி ஒரு குடும்ப வைத்தியர். பெரும்பாலும் பட்டப்பகலில், நோயாளிகளின் வீட்டிலேயே, அவர்களே கதவைத் திறந்து உள்ளே அழைத்த பின்னர் கொன்றார். அவரது பெயர் ஹரோல்ட் ஷிப்மன்.

இந்த மனிதரைப் பற்றிக் கிடைப்பதையெல்லாம் பல வருடங்களாகத் தேடி வாசித்து வருகிறேன். ஏன் கொன்றார் என்ற கேள்விதான் முதலில் என்னை இழுத்தது. 1946இல் நொட்டிங்ஹாமில் பிறந்த ஷிப்மனுக்கு 17 வயதாக இருந்தபோது தாய் புற்றுநோயால் இறந்தார். வலி தாங்காத தாய்க்கு வீட்டில் வைத்தே மோர்பின் ஊசி போடப்பட்டதை மகன் பார்த்திருந்தார். காரணத்தைப் பலரும் அங்கேதான் தேடுகிறார்கள். ஆனால் ஷிப்மன் எந்தக் கொலையையும் ஒப்புக்கொள்ளவில்லை. 2004 ஜனவரி 13இல் சிறையில் தூக்கிட்டு இறந்தார். அந்தக் கேள்வி அவரோடேயே போய்விட்டது.

மிஞ்சியிருப்பது அதைவிட முக்கியமான கேள்வி. 20 வருடங்களுக்கு மேலாக இது எப்படி யாருக்கும் தெரியாமல் நடந்தது?

1976இல் பெதடின் மருந்துக்காகப் பொய்யான மருந்துச் சீட்டுகள் எழுதியதற்காக அவருக்கு அபராதம் விதிக்கப்பட்டது. வைத்தியர் பதிவு பறிக்கப்படவில்லை. அடுத்த வருடமே மன்செஸ்டருக்கு அருகிலுள்ள ஹைட் நகரில் வேலைக்குச் சேர்ந்தார். கூப்பிட்டால் வீடு தேடி வரும் நல்ல வைத்தியர் என்று ஊரில் பெயர் எடுத்தார்.

டயமோர்பின் ஊசியால் கொன்றுவிட்டு, முதுமை, மாரடைப்பு என்று மரணச் சான்றிதழையும் அவரே எழுதினார். சிகிச்சை அளித்த வைத்தியர் சான்றிதழ் தந்துவிட்டால் அன்று பிரேத பரிசோதனை தேவைப்படவில்லை. தகனம் செய்வதற்கு அன்று இன்னொரு வைத்தியரின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. அவர்களோ ஷிப்மன் சொன்னதை நம்பிக் கையெழுத்திட்டார்கள்.

1998 மார்ச்சில் அயல் மருத்துவ நிலையத்தின் பெண் வைத்தியர் ஒருவர் மரண விசாரணை அதிகாரியிடம் சந்தேகத்தைத் தெரிவித்தார். ஷிப்மனின் வயதான நோயாளிகள் அளவுக்கதிகமாக இறக்கிறார்கள், பலர் வெளியே போகும் உடையுடன் கதிரையில் அமர்ந்தபடியே இறந்து கிடக்கிறார்கள் என்பதை இறுதிச் சடங்கு நடத்துபவர்களும் கவனித்திருந்தனர். பொலிஸார் சில வாரங்களில் விசாரணையை முடித்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இன்னும் மூவர் கொல்லப்பட்டனர்.

கடைசியாகக் கொல்லப்பட்டவர் 81 வயதான, நகரின் முன்னாள் மேயர். சொத்து வைத்தியருக்கே என்று ஓர் உயில் வந்தது. சட்டத்தரணியான மகள் அது போலி என்று உறுதியாக நின்றார். உடல் தோண்டி எடுக்கப்பட்டுப் பரிசோதிக்கப்பட்டது. உயிலை அச்சடித்த தட்டச்சு இயந்திரம் ஷிப்மனிடம் இருந்தது. நோயாளிகளின் பதிவுகளில் இல்லாத நோய்களைப் பின்னர் சேர்த்திருந்ததையும் அவரது கணினி நேரத்துடன் காட்டிக்கொடுத்தது. 2000 ஜனவரி 31இல் 15 கொலைகளுக்காக ஆயுள் தண்டனை கிடைத்தது.

அப்படியானால் என் தாய் எப்படி இறந்தார் என்று நூற்றுக்கணக்கான குடும்பங்கள் கேட்டன. நீதிபதி ஜெனட் ஸ்மித் தலைமையிலான விசாரணைக்குழு மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 215 பேர் கொல்லப்பட்டதாக 2002இல் அறிவித்தது. அவர்களில் 171 பேர் பெண்கள், 44 பேர் ஆண்கள். மேலும் 45 மரணங்களில் பலத்த சந்தேகம் இருப்பதாகச் சொன்னது. சான்று போதாத இடத்தில் போதாது என்றே எழுதியது.

ஷிப்மனின் குற்றமும் ஒரு போரும் ஒன்றல்ல. ஆனாலும் இறந்தவர்களின் தொகையைப் பிறர் கூட்டியும் குறைத்தும் பேசுவதைக் கேட்டே பழகிப்போன நமக்கு, இந்த விசாரணையின் அருமை புரியும். பெயர் பெயராக, திகதி திகதியாக, ஓர் அரசு நினைத்தால் கணக்கெடுக்க முடியும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2024 செப்டெம்பர் முதல், மரண விசாரணை அதிகாரியிடம் போகாத ஒவ்வொரு மரணத்தையும், இறந்தவருக்குச் சிகிச்சை அளிக்காத இன்னொரு வைத்தியர் ஆராய வேண்டும் என்பது சட்டம். இந்த மரணத்தில் உங்களுக்கு ஏதாவது சந்தேகம் உண்டா என்று குடும்பத்தாரிடம் கேட்பதும் அந்த நடைமுறையில் அடங்கும். ஹைட் நகரில் அந்தக் கேள்வியை அன்று யாரும் கேட்கவில்லை.