வரிசை மாறினால் வண்டி ஓடாது!

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



நம்மில் பலர் வீட்டு மூலையில் ஒரு பழைய ஸ்கூட்டர் தூசி படிந்து நிற்கும். "நாம படிக்கிறதே மெக்கானிக்கல், இதை நாமே சரி பண்ணிடலாமே!" என்று ஸ்பேனரைக் கையில் எடுக்காதவர் யார்? நானும் எடுத்தேன். அதில் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் வண்டியைப் பற்றிக் கொஞ்சம். இத்தாலியில் 1946-ல் பியாஜியோ நிறுவனம் வெஸ்பா ஸ்கூட்டரை வெளியிட்டது. வடிவமைத்த கொராடினோ டஸ்கானியோ ஒரு விமானப் பொறியாளர். அதனால்தானோ என்னவோ, இதில் தனி ஃபிரேம் கிடையாது. தகட்டு உடம்பே முழு பாரத்தையும் தாங்குகிறது. செயினும் இல்லை. நம் நாட்டில் 1972-ல் வந்த பஜாஜ் சேதக்கும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். 2009-ல் அந்நிறுவனம் ஸ்கூட்டர் தயாரிப்பைக் கைவிடுவதாக அறிவித்தது. 2020-ல் அதே பெயர் மின்சார ஸ்கூட்டராகத் திரும்பி வந்தது. நான் இங்கே சொல்லப் போவது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகளைப் பற்றி.

எங்கள் வீட்டு வண்டி கைமாறி வந்தது. கிக்கரை இரண்டு உதை உதைத்தால் ஸ்டார்ட் ஆகும். நாலைந்து கிலோமீட்டர் ராஜா மாதிரி ஓடும். பிறகு மூச்சு வாங்கி நின்றுவிடும். பத்து நிமிடம் கழித்து உதைத்தால் ஒன்றுமே நடக்காதது போல் கிளம்பும். "சூடானதும் நிக்குதா? காயில் வீக்குப்பா" என்றார் தெரிந்தவர் ஒருவர். காயிலை மாற்றினேன். நின்றது. "அப்ப கண்டன்சர்தான்" என்றார் இன்னொருவர். மாற்றினேன். நின்றது. ப்ளக் புதிது, பாயிண்ட் புதிது. விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் முழுவதும் போயிற்று. ஒரு நாள் இரவு ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, மூன்று கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். இன்ஜின் ஓட மூன்று வேண்டும்: பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவை, சரியான நேரத்தில் தீப்பொறி, போதிய கம்ப்ரஷன். முதல் செமஸ்டர் மாணவனுக்கும் தெரிந்த விஷயம்! ஆனால் நின்ற அந்த நிமிடத்தில் மூன்றில் எது இல்லை என்று நான் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பத்து நிமிடம் காத்திருந்தேன், வண்டி ஓடிற்று, வீட்டுக்கு வந்து பாகத்தை மாற்றினேன். நோய் இருக்கும்போது பார்க்காமல், குணமான பிறகு மருந்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் வேண்டுமென்றே வண்டியை ஓட்டி, நிற்க வைத்தேன். உடனே சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறந்தேன். "உஸ்ஸ்" என்று காற்று உள்ளே போகும் சத்தம்! மூடிவிட்டு அரை நிமிடத்தில் உதைத்தேன், கிளம்பிவிட்டது. காரணம் இதுதான். டேங்கிலிருந்து பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். அதற்காக மூடியில் சிறு துளை உண்டு. முன்பு வைத்திருந்தவர் கசிவை நிறுத்த சைக்கிள் ட்யூபை வட்டமாக வெட்டி மூடிக்குள் வைத்திருந்தார். துளையும் சேர்ந்து அடைபட்டது. உள்ளே காற்றழுத்தம் குறைந்து, பெட்ரோல் இறங்குவது நின்றது. சும்மா நிறுத்தி வைத்தால் மெதுவாகக் காற்று கசிந்து சரியாகிவிடும். காயில் சூடாகிப் பழுதானாலும் இதே அறிகுறிதான்! இரண்டையும் பிரித்துக் காட்டுவது, நின்றவுடன் செய்யும் சோதனை மட்டுமே.

ஆகவே நண்பர்களே, உங்கள் வண்டி நின்றால் இந்த வரிசையில் பாருங்கள்.

1. பெட்ரோல்: டேங்கில் இருக்கிறதா, காக் திறந்திருக்கிறதா, மூடித் துளை திறந்திருக்கிறதா? இப்போது கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருப்பதால் பழைய ரப்பர் ட்யூபும் வாஷரும் கெட்டுப்போகலாம், அதையும் பாருங்கள்.

2. ப்ளக்: கழற்றிப் பாருங்கள். பல தடவை உதைத்தும் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, தீப்பொறியைச் சந்தேகப்படுங்கள். பிஸ்கட் நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோலோ ஆயிலோ அதிகம். வெளுத்திருந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு, இதுதான் ஆபத்து. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துவிடும். பொதுவான அளவு 2 சதவீதம், அதாவது லிட்டருக்கு 20 மி.லி.

3. தீப்பொறி: டேங்க் மூடியை மூடிய பிறகே இதைச் செய்யுங்கள். ப்ளக்கின் உலோகப் பகுதி இன்ஜினைத் தொடும்படி, ஆனால் ப்ளக் துளைக்குத் தள்ளி வைத்து உதையுங்கள். துளை வழியே பெட்ரோல் ஆவி வரும், ஜாக்கிரதை! ப்ளக் இடைவெளி சுமார் 0.6 மி.மீ., பாயிண்ட் உள்ள வண்டியில் பாயிண்ட் இடைவெளி 0.3 முதல் 0.5 மி.மீ.

4. கார்புரேட்டர்: ஜெட்டை ஊதியோ பெட்ரோலில் கழுவியோ சுத்தம் செய்யுங்கள். கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை கொஞ்சம் பெரிதானாலும் கலவை மாறிவிடும்.

5. கம்ப்ரஷன்: கிக்கரைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லையா? இனி இது மெக்கானிக் வேலை.

ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலையும் சேர்த்து மாற்றி வண்டி ஓடினால், எதனால் ஓடியது என்று தெரியாது.

வரிசை மாறினால் பணம் மட்டும்தான் போகும் என்று நினைக்காதீர்கள். இந்த ஸ்கூட்டர்களின் ரிம் இரண்டு பாதிகளை நட் போட்டு இணைத்தது. சக்கரத்தை டிரம்மோடு பிடிக்கும் நட் வேறு, இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிக்கும் நட் வேறு. ட்யூபில் காற்று இருக்கும்போது இரண்டாவது வகையைக் கழற்றினால், சில நூறு கிலோ எடைக்குச் சமமான விசையோடு ரிம் பிரிந்து முகத்தில் அடிக்கும். பஞ்சர் பார்க்க உட்கார்ந்தால் முதல் வேலை, வால்வு பின்னைக் கழற்றி மிச்சக் காற்றையும் விடுவது. நட்டைத் தொடுவது அதற்கப்புறம்தான். மாட்டும்போது நட் எல்லாம் இறுகிய பிறகே காற்றடிக்க வேண்டும். அதேபோல் பிரேக் டிரம்மைத் திறந்தால் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய பிரேக் ஷூவில் கல்நார் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

கடைசியாக ஒன்று. பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜின் எண், சேசிஸ் எண் இரண்டையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சொந்த வண்டியின் பதிவு 15 ஆண்டுக்குத்தான். அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

எங்கள் வண்டிக்கு நான் செய்த உண்மையான ரிப்பேர், ஒரு ரப்பர் துண்டை எடுத்து நடுவில் ஓட்டை போட்டு மறுபடி வைத்ததுதான். செலவு ஒரு பைசா இல்லை. மாற்றிய பழைய காயிலையும் கண்டன்சரையும் தூக்கி எறியாமல் டிக்கியிலேயே போட்டு வைத்திருக்கிறேன். இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்கின்றன! அப்பா இப்போது அந்த வண்டியில்தான் ஷிப்டுக்குப் போய் வருகிறார். ஸ்பேனரை எடுக்குமுன் ஒரு நிமிடம் யோசியுங்கள் நண்பர்களே!