சொல்லுக்குச் சாட்சி

பேரகராதியொன்றிலே ஒரு சொல்லைத் தேடுவோர் பொருளைக் கண்டதும் நூலை மூடிவிடுவர். கணினித் திரையாயின் வேறு பக்கத்துக்குச் சென்றுவிடுவர். பொருளின் கீழே நுண்ணிய எழுத்தில் ஆண்டு, ஆசிரியர் பெயர், நூற்பெயர், பக்க எண், அதன்பின் அந்நூலிலிருந்து எடுத்த வாக்கியம் என அமைந்த பகுதியைப் பொருட்படுத்துவோர் சிலரே. அகராதியின் உயிர்நிலை அங்கேதான் உள்ளது. பொருள் கூறுவது தொகுப்பாசிரியரின் தீர்ப்பு. மேற்கோள் அத்தீர்ப்புக்குரிய சாட்சி. சாட்சியின் வாக்குமூலத்தை அழகுபடுத்தும் உரிமை எந்த நீதிபதிக்கும் இல்லை.

ஆங்கில அகராதிகளின் வரலாற்றிலே இவ்வுண்மை மெல்லமெல்லவே உணரப்பட்டது. 1755 ஆம் ஆண்டில் சாமுவேல் ஜோன்சன் வெளியிட்ட அகராதியில் பொயில், நியூற்றன், ரே முதலிய விஞ்ஞானிகளின் வாக்கியங்கள் ஏராளம். ஆயினும் ஆண்டு இல்லை. பெரும்பாலும் பெயர் மட்டுமே உண்டு. வாக்கியங்களைத் தாம் வெட்டிச் சுருக்கியதை ஜோன்சன் முன்னுரையில் ஒளியாமல் ஒப்புக்கொள்கிறார். 1857 இல் லண்டன் மொழியியற் சங்கத்தார் தொடக்கிவைத்து, 1928 இல் நிறைவெய்திய ஒக்ஸ்போட் அகராதி வேறு நெறியை மேற்கொண்டது. தொண்டர்கள் பழைய நூல்களைப் படித்து, சொல், ஆண்டு, ஆசிரியர், நூல், பக்கம், வாக்கியம் ஆகியவற்றைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். அவ்வாறு வந்தவற்றுள் ஏறத்தாழ 18 இலட்சம் மேற்கோள்கள் அச்சேறின. 2000 ஆம் ஆண்டில் அந்த அகராதி இணையத்துக்கும் வந்தது.

பழைய விஞ்ஞான நூல்களிலிருந்து மேற்கோள் எடுப்பதில் முதல் இடர் எழுத்தினாலேயே விளைகிறது. பதினேழாம் நூற்றாண்டு அச்சிலே 'எஸ்' என்னும் ஆங்கில எழுத்து, சொல்லின் முதலிலும் இடையிலும் நீண்டு வளைந்து, 'எஃப்' எழுத்தைப் போலவே தோன்றும். குறுக்குக் கோடு முழுமையாக இராது. இடப்பக்கம் ஒரு சிறு முனை மட்டும் இருக்கும். மனிதக் கண் சிறிது பழகினால் வேறுபாட்டைப் பிடித்துக்கொள்ளும். கணினியோ படப்பிரதியைத் தானே வாசிக்கும்போது சூரியனைக் குறிக்கும் 'சன்' என்பதை விளையாட்டைக் குறிக்கும் 'ஃபன்' என்று எழுதிவிடும். அகராதியில் அந்த நெட்டெழுத்தை இக்கால 'எஸ்' ஆக அச்சிடுவதனால் தீங்கில்லை. அது வடிவ வேறுபாடு மட்டுமே. சொல்லின் எழுத்துக்கூட்டை மாற்றுவது அத்தகையதன்று.

அடுத்தது ஆண்டு. றொபேட் ஹூக் தக்கைத் துண்டை உருப்பெருக்கியில் வைத்து, அதிலுள்ள சிற்றறைகளைக் கண்டு, இன்று நாம் கலம் என்று கூறும் பொருளுக்குப் பெயராக நிலைத்த 'செல்' என்ற சொல்லை வழங்கிய நூல் 'மைக்குறோகிராபியா'. முகப்புப் பக்கத்தில் 1665 என்றே உள்ளது. ஆனால் அந்த ஆண்டு ஜனவரியிலேயே நூல் கடைக்கு வந்துவிட்டது. அக்கால இங்கிலாந்தின் சட்டமுறை ஆண்டு மார்ச் 25 ஆம் நாளே தொடங்கியது; ஆகவே அம்முறைப்படி அந்த ஜனவரி 1664 ஐச் சேர்ந்தது! றோயல் சங்கத்தின் செயலாளர் வெளியிட்ட ஆய்விதழின் முதல் இதழிலே, மார்ச் 6 என்ற நாளின் பக்கத்தில் இரண்டு ஆண்டுகளும் ஒரு சாய்கோட்டுடன் அச்சாகியுள்ளன. இதனை அறியாது ஒன்றை மட்டும் பெயர்த்தெழுதுபவர் ஒரு சொல்லின் வயதை ஓராண்டு கூட்டியோ குறைத்தோ விடுவார்.

ஓராண்டு போகட்டும். நியூற்றனின் 'ஒளியியல்' நூலில் நேரும் பிழை பதின்மூன்று ஆண்டுகளாகும். அந்நூலின் முதற் பதிப்பு 1704 இல் ஆங்கிலத்தில் வந்தது. அதன் இறுதியில் பதினாறு வினாக்கள் இருந்தன. 1706 இல் சாமுவேல் கிளாக் செய்த இலத்தீன் மொழிபெயர்ப்பிலே மேலும் ஏழு சேர்ந்தன. 1717 இல் வெளிவந்த இரண்டாம் ஆங்கிலப் பதிப்பில் தொகை முப்பத்தொன்றாயிற்று; இலத்தீனில் வந்த ஏழும் அங்கே 25 முதல் 31 வரை இடம்பெற்றன. ஆகவே துகள்களிடையே உள்ள கவர்ச்சியைப் பற்றிப் பேசும் புகழ்பெற்ற 31 ஆம் வினாவின் கருத்து 1706 க்கு உரியதாயினும், அதன் ஆங்கிலச் சொற்கள் 1717 இலேதான் அச்சிற் காணப்படுகின்றன. அகராதிக்கு வேண்டியது சொல். இக்காலத்தார் பலர் கையாளும் மறுபதிப்போ 1730 ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பைத் தழுவியது. அதிலிருந்து ஒரு வாக்கியத்தை எடுத்து, நூல் பிறந்த ஆண்டு 1704 என்று எழுதிவிட்டால், இடையிலே வேறொருவர் அச்சொல்லை முதலில் ஆண்டிருப்பின் அவருக்குரிய பெருமை பறிபோய்விடும். இணையத்திலே அப்பிழை ஒரே நாளில் நூறு இடங்களுக்குப் பெயர்ந்துவிடுகிறது. திருத்தம் அவ்வளவு விரைவாகப் பரவுவதில்லை. எந்தப் பதிப்பு என்பதை நூற்பெயருடன் குறிப்பதும், பக்க எண்ணோடு வினாவின் எண்ணையும் தருவதும் அதனாலேயே இன்றியமையாதனவாகின்றன. பழைய அச்சுக்கூடங்களில் பக்க எண்களே தவறாகக் கோக்கப்படுவதும் உண்டு.

எழுத்துக்கூட்டுக்கு இலங்கையைப் பற்றிய நூலே நல்ல எடுத்துக்காட்டு. 1660 இல் கொட்டியாரத்தில் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் வாழ்ந்த றொபேட் நொக்ஸ், 1681 இல் இத்தீவைப் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். தூர நாடுகளின் மரஞ்செடிகளும் மக்கள் வழக்கங்களும் அக்காலத்தில் இயற்கை அறிவின் பகுதியாகவே கருதப்பட்டன. நூலுக்கு முன்னுரை எழுதியவர் மேலே கண்ட ஹூக்கே. அந்நூலில் புத்தரின் பெயர் இன்றைய ஆங்கில வடிவில் இல்லை. 'புது' என்று ஒலிக்கத்தக்க எழுத்துக்களால் அமைந்துள்ளது. படிப்போர்க்கு எளிதாகட்டும் என்று அதனை இக்கால முறைப்படி திருத்திவிடலாம். திருத்தினால், கண்டி நாட்டுக் கிராமத்திலே சிங்கள மக்கள் வாயிலிருந்து அந்த ஆங்கிலேயர் செவியில் விழுந்த ஒலி அழிந்துவிடும்.