முயலின் குலமுறை கிளத்தல்

(இளம் அறிவியல் - விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

கம்பராமாயணத்தின் பாலகாண்டத்தில் குலமுறை கிளத்து படலம் என்று ஒரு பகுதி உண்டு. மிதிலைக்கு வந்த இராமனின் முன்னோர் யார் யார் என்று சனகனுக்கு விசுவாமித்திரர் எடுத்துரைக்கும் பகுதி அது. மன்னர் குலத்துக்கு உரைத்த அந்த முறையைப் புல் தின்னும் முயலுக்கும் உரைக்க வேண்டுமா என்று நண்பர்கள் கேட்கலாம். வேண்டும் என்பதே விலங்கியல் மாணவனாகிய என் விடை. ஏன் வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

பதிவேடு என்பது எது?

தூய இன முயல் ஒன்றின் தாய், தந்தை, பாட்டன், பாட்டி, அவர்களுடைய பெற்றோர் ஆகிய மூன்று தலைமுறையினரை ஒரே தாளில் காட்டும் அட்டவணையே வம்சாவளிப் பதிவேடு. இடப்பக்கத்தில் முயலின் பெயர் அல்லது எண். அடுத்த பத்தியில் பெற்றோர் இருவர். அதற்கடுத்து நால்வர். கடைசிப் பத்தியில் எண்மர். ஆக மொத்தம் 14 முன்னோர். ஒவ்வொரு பத்தியிலும் தந்தையை மேலேயும் தாயைக் கீழேயும் எழுதுவது வழக்கம். ஒவ்வொருவருக்கும் காது எண், நிறம், வளர்ந்த பின் எடை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும்.

சராசரியாகப் பெற்றோர் ஒவ்வொருவரிடமிருந்தும் பாதியும், பாட்டன் பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் கால் பங்கும், அதற்கு முந்திய எண்மர் ஒவ்வொருவரிடமிருந்தும் அரைக்கால் பங்கும் ஒரு முயலுக்கு வந்து சேர்கின்றன. ஆகவே மூன்று தலைமுறை தெரிந்தால், அது எங்கிருந்து வந்தது என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

நினைவு போதாதா?

எங்கள் வீட்டில் ஆடு வளர்ப்பது அப்பத்தா காலத்திலிருந்து வருவது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பட்டியில் எந்த ஆட்டைக் காட்டினாலும், "இது செவலையாட்டுப் பேத்தி, அது கொம்பில்லாதவள் மகள்" என்று நான்கு ஈற்றுவரை தடுமாறாமல் சொல்லுவார். "கிடாய் எது அப்பத்தா?" என்றால் மட்டும், "மேயப் போன இடத்தில் எந்தக் கிடாயோ, யார் கண்டது?" என்பார். தாய்வழி மனத்தில் நிற்கிறது. தந்தைவழி காட்டோடு போய்விடுகிறது. பரம்பரைப் பண்பில் சரிபாதி இப்படிக் கணக்கில் வராமல் போகிறது.

கூண்டில் வளரும் முயலுக்கு இந்தக் குறை நேர வேண்டியதில்லை. எந்த ஆண், எந்தப் பெண், எந்த நாள் என்பது வளர்ப்பவர் கையில் இருக்கிறது. எழுதி வைக்கும் வழக்கம்தான் வேண்டும்.

எழுதும் முறை

இணை சேர்க்கும் நாளில் பதிவு தொடங்குகிறது. பெண் முயல் தன் கூண்டுக்குள் வேறொரு முயலைப் பொறுத்துக்கொள்ளாது. ஆகவே பெண்ணைத்தான் ஆணின் கூண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். முயலுக்கு இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளிப்படுகிறது. இதற்கு ஏறக்குறைய 10 மணி நேரம் ஆகும். அந்த இடைவெளியில் இன்னொரு ஆணும் சேர்ந்துவிட்டால் ஒரே ஈற்றில் இரு தந்தையரின் குட்டிகள் கலந்து பிறக்கக்கூடும். எனவே ஓர் ஈற்றுக்கு ஓர் ஆண் என்பது முதல் விதி.

கூண்டின்மேல் தொங்கும் அட்டையில் இணை சேர்த்த தேதி, ஆணின் எண், ஈன்ற தேதி, உயிருடன் பிறந்தவை, இறந்து பிறந்தவை, பால் மறக்கும்வரை பிழைத்தவை ஆகியவற்றை அன்றன்றே குறிக்க வேண்டும். முயலின் கர்ப்ப காலம் சுமார் 31 நாள். இணை சேர்த்ததாக எழுதிய நாளிலிருந்து 20ஆம் நாளில் நல்ல குட்டிகள் பிறந்தால், அட்டையில் உள்ள ஆண் அவற்றின் தந்தையாக இருக்க முடியாது. பதிவு தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் இடம் இது.

குட்டிகள் மிகுந்தால் சிலவற்றை வேறு தாயிடம் விடுவது உண்டு. அவ்வாறு மாற்றுமுன் அவற்றின் காதில் மை அடையாளம் இட்டு, அது மங்க மங்கப் புதுப்பிக்க வேண்டும். வெள்ளைக் குட்டிகளுக்குள் வேற்றுமை காண்பது அரிது அல்லவா? பால் மறக்கச் செய்து தாயிடமிருந்து பிரிக்கும் முன்பே ஒவ்வொன்றுக்கும் காதில் எண்ணைப் பச்சை குத்திவிட வேண்டும். 1910இல் தோன்றிய அமெரிக்க முயல் வளர்ப்போர் சங்கத்தின் முறையில் வளர்ப்பவரின் எண் இடக் காதிலும், சங்கத்தின் பதிவு எண் வலக் காதிலும் இடம்பெறும். பிரிட்டனில் காலில் வளையம் இடுகிறார்கள். முறை எதுவானாலும், அடையாளம் இல்லாத முயலுக்கு எழுதிய பதிவேடு முகவரி இல்லாத கடிதம் போன்றது.

நம் பாடமும் இதற்குள் உண்டு

பல்கூட்டு அல்லீல்களுக்கு எடுத்துக்காட்டாக முயலின் மயிர் நிறத்தை வகுப்பில் படித்திருக்கிறோம். முழு நிறம், சின்செல்லா, இமாலயன், வெண்மை என்ற வரிசையில் முன்னது பின்னதை மறைக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையம் வளர்க்கும் சோவியத் சின்செல்லா இந்த வரிசையில் இரண்டாவது. நியூசிலாந்து வெள்ளை கடைசி. (பெயர்தான் நியூசிலாந்து, இனம் உருவானது அமெரிக்காவில்.)

இரண்டு நியூசிலாந்து வெள்ளை முயல்களுக்கு நிறமுள்ள குட்டி பிறந்தால், எழுதியுள்ள பெற்றோரில் ஒருவர் தவறு என்று மெண்டலின் விதியே சொல்லிவிடும். இரண்டு சின்செல்லா முயல்களுக்கு வெள்ளைக் குட்டி பிறந்தாலோ ஐயப்பட வேண்டியதில்லை. தாயும் தந்தையும் இருவருமே வெண்மையை மறைத்து வைத்திருந்தனர் என்பது பொருள். அதை இருவர் பதிவிலும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே பெயர் இருமுறை வந்தால்

பதிவேட்டின் பெரும்பயன் உட்கலப்பைக் கண்டுகொள்வது. தந்தை பக்கத்திலும் தாய் பக்கத்திலும் ஒரே முன்னோர் வந்தால் அதைச் சிவப்பு மையால் அடிக்கோடிட வேண்டும். 1922இல் சூவல் ரைட் என்ற அறிஞர் இதற்கு ஓர் அளவை வகுத்தார். பொது முன்னோரிடமிருந்து தந்தைவரை எத்தனை படி, தாய்வரை எத்தனை படி என்று எண்ணி, ஒன்றைக் கூட்டி, அத்தனை முறை அரையைப் பெருக்க வேண்டும். தந்தை ஒன்று, தாய் வேறு என்ற உடன்பிறப்புகளைச் சேர்த்தால் 1 + 1 + 1 = 3; அரையை மூன்று முறை பெருக்க அரைக்கால், அதாவது 12.5 விழுக்காடு. தாய் தந்தை இருவரும் ஒன்றே என்றால் அதன் இருமடங்கு, 25 விழுக்காடு. இந்த எண் ஏற ஏற, மறைந்திருந்த குறைகள் வெளிப்படவும், ஈற்றுக் குட்டிகள் குறையவும், நோஞ்சானாகப் பிறக்கவும் வாய்ப்பு மிகும்.

சந்தையில் ஒரே ஈற்றுக் குட்டிகளில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் "ஜோடி" என்று விற்பது உண்டு. வாங்குபவர் அந்த 25 விழுக்காட்டையும் சேர்த்தே வாங்கிப் போகிறார். வீட்டுக்குப் பின்னால் நான்கு கூண்டு வைத்து, குட்டி விற்ற காசில் தேர்வுக் கட்டணம் கட்டும் என்னைப் போன்றவர்களுக்கு இது ஏட்டுக் கணக்கு மட்டும் ஆகாது. அடுப்பங்கரைக் கணக்கும் ஆகும்.

தெரியாததைத் தெரியாது என்று எழுதுதல்

நானும் தம்பியும் முதல் முயல்களை வாங்கியபோது, "கலப்பே இல்லாத இனம்" என்றார் விற்றவர். தாய் தந்தையின் எண்ணைக் கேட்டேன். சிரித்தார். ஆகவே எங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் 14 கட்டங்களிலும் "தெரியாது" என்றே எழுதியிருக்கிறது. ஏதாவது ஒரு பெயரை நிரப்பினால் விலை கூடும். ஆனால் அந்தப் பொய் ஒவ்வொரு குட்டியின் பதிவேட்டிலும் குட்டி போட்டுக்கொண்டே போகும். வெற்றிடம் அப்படிப் பெருகாது. ஒவ்வொரு ஈற்றிலும் ஒரு பத்தி நிரம்பி, மூன்றாம் தலைமுறைக்குப் பிறந்த குட்டிக்குத் தாள் முழுமையாகிவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதிவேடு ஒரு முயல் யாருடைய குட்டி என்று கூறும். எப்படிப்பட்டது என்று கூறாது. அதனால்தான் அமெரிக்கச் சங்கத்தில் பதிவு பெற மூன்று தலைமுறைத் தாள் மட்டும் போதாது. ஆறு மாதம் நிறைந்த முயலை உரிமம் பெற்ற பதிவாளர் நேரில் பார்த்து, எடை போட்டு, குறை உண்டா என்று ஆராய்கிறார். கம்பனிலும் குலமுறை கிளத்து படலத்தை அடுத்துக் கார்முகப் படலம் வருகிறது. குலம் சொல்லி முடித்த பிறகும் வில்லை வளைக்கத்தான் வேண்டியிருந்தது.

மனிதருக்கு அந்தத் தாள் தேவையே இல்லை. என் முன்னோர் 14 பேரில் கல்லூரி வாசலை மிதித்தவர் ஒருவரும் இலர். கல்வி என்று தலைப்பிட்டு எழுதினால் அத்தனை கட்டமும் வெறுமையாகவே இருக்கும். அந்தத் தாளைக் கேட்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டது இக்கல்லூரி.

முயல் வளர்க்கும் தோழர்கள் ஒரு நோட்டு வாங்கி இன்றே முதல் ஈற்றைக் குறிக்கட்டும். தெரிந்ததைத் தேதியோடு எழுதுங்கள். தெரியாததை வெறுமையாக விடுங்கள். மற்றதை முயல்களே நிரப்பும்.