பச்சையெல்லாம் புல் அல்ல

கோல்ஃப் ஆடுகிறேன் என்று காலை நிகழ்ச்சியில் ஒருமுறை சொன்னதோடு சரி. அன்றிலிருந்து எனக்கு வரும் கேள்விகளில் பாடல் விருப்பத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்: “வீட்டில் பழக ஒரு விரிப்பு வாங்கலாம் என்று இருக்கிறேன். எது நல்லது?” கேட்பவர்களில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டான இளையரும் உண்டு. மகளைக் கோல்ஃப் வகுப்பில் சேர்த்துவிட்ட தந்தையும் உண்டு.

கடைக்குப் போனாலும் இணையத்தில் தேடினாலும் எல்லா விரிப்பும் பச்சையாகத்தான் இருக்கும். விலை மட்டும் சில பத்து வெள்ளியில் தொடங்கிப் பல நூறு வெள்ளி வரை ஏறும். அந்தப் பச்சைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் ஆட்டம் முன்னேறுமா, முழங்கை தாங்குமா, கீழ்வீட்டுக்காரர் சிரித்த முகத்தோடு மின்தூக்கியில் வருவாரா என்பதெல்லாம் தீர்மானமாகும்.

திடல் குறைகிறது, ஆர்வம் குறையவில்லை

சிங்கப்பூரில் கோல்ஃப் திடல்கள் ஒவ்வொன்றாக விடைபெறுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஜூரோங் கன்ட்ரி கிளப் 2016லும் ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018லும் மூடப்பட்டன. கெப்பல் கிளப் இருந்த இடத்தில் வீடுகள் வரவிருக்கின்றன. உறுப்பினர் அல்லாத பொதுமக்களும் ஆட முடிந்த 18 குழி மெரினா பே திடலும் 2024ல் மூடப்பட்டது. நிலம் குறைவான ஊரில் வீட்டுக்கும் ரயிலுக்கும் முன்னுரிமை தருவதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஆனால் விளையாட்டைப் பிடித்துப்போனவர்கள் எங்கே பழகுவது?

பந்து அடிக்கும் பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரவே ஒரு மாலை போய்விடும். காலை 6 மணிக்கு ஒலிவாங்கியின் முன் உட்கார வேண்டிய எனக்கு இரவு 9 மணி என்பது நடுநிசி மாதிரி. ஆகவே, வரவேற்பறையில் கிடைக்கும் 20 நிமிடம்தான் என் திடல். உங்களில் பலருக்கும் அப்படித்தான் இருக்கும்.

முதல் கேள்வி: எந்த அடி?

கோல்ஃப் விரிப்பு என்று ஒரே பெயரில் விற்றாலும் இரண்டு வேறு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, குழியை நோக்கிப் பந்தை உருட்டிப் பழகும் புட்டிங் விரிப்பு. நீளமாக, மெல்லியதாக, குட்டையான இழையோடு இருக்கும். சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிடலாம். மற்றொன்று, மட்டையை வீசிப் பந்தை அடித்துப் பழகும் விரிப்பு. தடிமனாக, கனமாக இருக்கும். ஒன்றை வாங்கி இரண்டுக்கும் பயன்படுத்த முடியாது.

வீவக வீட்டில் இருப்பவர்கள் முதலில் புட்டிங் விரிப்பைத்தான் பார்க்க வேண்டும் என்பேன். இடம், சத்தம், விலை மூன்றுமே அதற்குச் சாதகம். ஆட்டக் கணக்கும் அப்படித்தான் சொல்கிறது. 72 அடிகளில் முடிக்க வேண்டிய திடலில் ஒவ்வொரு குழிக்கும் இரண்டு என 36 அடிகள் புட்டிங்குக்கே ஒதுக்கப்பட்டுள்ளன. சரிபாதி ஆட்டத்தை வரவேற்பறையிலேயே பழகலாம்.

உருட்டிப் பழகும் விரிப்பு

கோல்ஃப் குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். அதாவது நடுவிலிருந்து விளிம்புக்கு 5.4 சென்டிமீட்டர். இரண்டு மீட்டர் தூரத்திலிருந்து உருட்டும்போது மட்டை முகம் ஒரு பாகை திரும்பினால் பந்து 3.5 சென்டிமீட்டர் விலகும். அப்போதும் குழிக்குள் விழும். இரண்டு பாகை திரும்பினால் 7 சென்டிமீட்டர் விலகி வெளியே போய்விடும். ஆக, இரண்டு மீட்டர் விரிப்பே போதுமான பாடம் கற்றுத் தரும். மூன்று மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது.

வேகத்தையும் கவனியுங்கள். கிரீன் எனப்படும் குறும்புல் தரையில் பந்து எவ்வளவு வேகமாக உருளும் என்பதை அளக்க ஸ்டிம்ப்மீட்டர் என்ற கருவி இருக்கிறது. எட்வர்ட் ஸ்டிம்ப்சன் என்ற அமெரிக்கர் 1935ல் உருவாக்கியது. சுமார் 91 சென்டிமீட்டர் நீளமுள்ள சாய்வுப் பட்டையிலிருந்து பந்தை விட்டு, அது எத்தனை அடி தூரம் ஓடுகிறது என்று பார்ப்பார்கள். பத்து அடி ஓடினால் வேகம் 10. விரிப்புப் பெட்டியில் அந்த எண் அச்சிடப்பட்டிருந்தால் இப்போது பொருள் புரியும்: வேகம் 10 என்றால், அந்தப் பட்டையிலிருந்து விட்ட பந்து மூன்று மீட்டர் விரிப்பின் கடைசிவரை போக வேண்டும்.

கருவி இல்லாவிட்டால் என்ன? ஓர் அட்டையை நீளவாக்கில் மடித்து, ஒரே புத்தகத்தின்மேல் சாய்த்து வைத்து, பந்தை உருட்டிவிடுங்கள். எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை இதைச் செய்தால் இழை படிந்து விரிப்பின் வேகம் மாறுவது தெரியும்.

ஒரு வகையை மட்டும் யோசித்து வாங்கச் சொல்வேன். முனையில் மேடு வைத்து, பந்து தானாகத் திரும்பி வரும் விரிப்பு. பிள்ளைகளுக்கு அது நல்ல விளையாட்டு. ஆனால் அந்த மேட்டை ஏற வேண்டும் என்பதற்காகவே எப்போதும் சற்றுப் பலமாக அடிக்கக் கை பழகிவிடும். தட்டையான திடலில் அதே பலம் பந்தைக் குழி தாண்டி அனுப்பிவிடும். தட்டை விரிப்பும், பந்து அளவுக்குச் சற்று அகலமாக இடைவெளி விட்டு வைத்த இரண்டு கோடாலித் தைலப் புட்டிகளும் போதும். புட்டிகளைத் தட்டாமல் பந்து நடுவே போனால் மட்டை முகம் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

அடிக்கும் விரிப்பு சொல்லும் பொய்

மட்டையை வீசி அடிப்பதையும் வீட்டில் பழக விரும்புகிறவர்களுக்குத்தான் இனி வரும் எச்சரிக்கை.

புல்தரையில் அயர்ன் மட்டையால் அடிக்கும்போது மட்டை மேலிருந்து இறங்கிவந்து முதலில் பந்தைத் தொட வேண்டும், பிறகுதான் மண்ணை. பந்துக்கு ஐந்து சென்டிமீட்டர் பின்னே தரையில் இறங்கிவிட்டால் மண் மட்டையைப் பிடித்து இழுக்கும். பந்து பாதி தூரத்திலேயே விழும். தவறு அங்கேயே தெரிந்துவிடும்.

கடினமான விரிப்பில் அப்படி நடக்காது. தரையில் பட்ட மட்டை எகிறி, வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தைத் தொடும். பந்தும் பறக்கும், சத்தமும் அழகாகக் கேட்கும். “ஆகா, நல்ல அடி!” என்று மனம் குளிரும். மூன்று மாதம் கழித்துத் திடலுக்குப் போனால் அதே அடியில் பந்து காலடியிலேயே கிடக்கும். பாராட்டிக்கொண்டே இருக்கும் ஆசிரியரிடம் பிள்ளை படித்த கதைதான்.

இதற்கு எளிய மருந்து ஒரு துண்டு. பந்துக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னே முகம் துடைக்கும் துண்டை மடித்து வையுங்கள். துண்டைத் தொடாமல் பந்தை அடிக்கப் பழகுங்கள். துண்டு நகர்ந்தால் திடலில் அது மோசமான அடி.

முழங்கை தரும் விலை

என் மாமா ஒருவர் ஜொகூர் பாருவில் தரை வீட்டில் இருக்கிறார். பணி ஓய்வுக்குப் பிறகு கார் நிறுத்துமிடத்தின் சிமென்ட் தரையில் ஒரு சென்டிமீட்டர் தடிமன்கூட இல்லாத விரிப்பைப் போட்டு, வலைகட்டி, தினமும் நூறு பந்து அடித்தார். மூன்றாவது மாதம் இடது கையால் தேநீர்க் குவளையைத் தூக்க முடியவில்லை. முழங்கையின் வெளிப்புறத்தில் வலி. “கோல்ஃப் ஆடினால் டென்னிஸ் எல்போ வருமா?” என்று அவர் மருத்துவரிடம் கேட்டதைச் சொல்லி இன்றும் வீட்டில் சிரிக்கிறோம். மருத்துவர் சிரிக்கவில்லையாம். வலக்கை ஆட்டக்காரருக்கு இடது முழங்கையின் வெளிப்புறத்தில் அந்த வலி வருவது வழக்கமானதுதான் என்றாராம். முழங்கையின் உட்புறத்தில் வருவதற்குத்தான் கோல்ஃபர்ஸ் எல்போ என்று பெயர். இரண்டுமே தசைநாரில் வரும் சிக்கல்கள். இரண்டுமே எளிதில் ஆறாது.

சிமென்ட் விட்டுக்கொடுக்காது. மெல்லிய ரப்பரும் விட்டுக்கொடுக்காது. ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மட்டை வழியாக மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் ஏறும். நூறு பந்து என்றால் நூறு முறை.

ஆகவே, கடையில் விரிப்பைத் தடவிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தரையில் போடச் சொல்லி, கையை மூடி மிதமாக ஒரு குத்துக் குத்திப் பாருங்கள். விரல் முட்டி வலித்தால் அந்த வலி நாளை முழங்கைக்குத்தான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே இறங்கி மெதுவாக மேலே வர வேண்டும். பந்து வைக்கும் பகுதி தனிப் பட்டையாக, அடியில் மென்மையான நுரையோ ஜெல்லோ வைத்ததாக இருப்பது நல்லது. அது தேய்ந்ததும் அதை மட்டும் மாற்றலாம். மொத்த விரிப்பையும் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இழையையும் கேளுங்கள். நைலான் இழை உராய்வுச் சூட்டைத் தாங்கும். மலிவு இழைகள் சிலவற்றில் மட்டை உரசும்போது உருகி, மட்டையின் அடியில் பச்சைக் கறையாக ஒட்டிக்கொள்ளும்.

நிற்கும் இடமும் அதே உயரத்தில் இருக்க வேண்டும். அரை மீட்டர் நீளத் துண்டு விரிப்பு மலிவாகக் கிடைக்கிறது. அதில் பந்து மூன்று சென்டிமீட்டர் மேலே, உங்கள் கால் கீழே. மேட்டில் கிடக்கும் பந்தை அடிப்பதாகவே உடல் பழகிவிடும். துண்டு விரிப்புதான் வாங்க முடியும் என்றால் காலுக்கு அடியிலும் அதே தடிமனில் உறுதியான ஒன்றைப் போட்டுச் சமப்படுத்துங்கள்.

கீழ்வீட்டு மக்சிக்கின் வாக்கு

விரிப்பு வாங்குவதற்கு முன் நான் கீழ்மாடிக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அங்கே ஒரு மக்சிக் பேரனோடு இருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும், “கோல்ஃபா? வீட்டுக்குள்ளேயா?” என்று உட்காரச் சொன்னார். என் தம்பி மேலே நண்பரிடம் இரவல் வாங்கிய மெல்லிய விரிப்பில் மெதுவாக ஐந்து அடி அடித்தான். ஒவ்வொன்றும் கீழே ‘தொம்’ என்று கேட்டது. தூங்கிக்கொண்டிருந்த பேரன் புரண்டு படுத்தான். மக்சிக் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இல்லை.

காற்றில் வரும் சத்தத்தைக் கதவு தடுக்கும். தரையில் விழும் அடி காங்கிரீட் வழியாகவே இறங்கும், அதைக் கதவு தடுக்காது. மறுமுறை பிள்ளைகள் விளையாடும் நுரைப் பலகைகளை இரண்டு அடுக்காகப் போட்டு, அதன்மேல் தடித்த விரிப்பை வைத்து அடித்தபோது கீழே சத்தம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் முழுதாகப் போகவில்லை. அதனால் எங்கள் வீட்டில் முழு வீச்சு கிடையாது. இடுப்பளவு உயரத்துக்கு மட்டையைத் தூக்கி அடிக்கும் சிறு அடிகள் மட்டும், அதுவும் மாலை 5 மணி முதல் 7 மணிக்குள். மக்சிக் ஒப்புக்கொண்ட நேரம் அது.

உங்கள் வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இரவல் விரிப்பு, ஐந்து அடி, கீழ்வீட்டில் நீங்கள். இணைய விமர்சனம் எதிலும் கிடைக்காத பதில் அங்கே கிடைக்கும்.

கூரையும் மின்விசிறியும்

வீவக வீட்டின் கூரை சுமார் 2.6 மீட்டர் உயரம். டிரைவர் மட்டையின் நீளமே சுமார் 115 சென்டிமீட்டர். சராசரி உயரமுள்ளவர் அதை அச்சமின்றி வீச மூன்று மீட்டர் உயரமாவது இருப்பது நல்லது. நடுவில் மின்விசிறி வேறு சுற்றுகிறது. ஆக, அடுக்குமாடி வீட்டில் டிரைவர் பயிற்சியை மறந்துவிடலாம். அதற்குப் பயிற்சிக் கூடம்தான் சரி.

சிறு அடிகளுக்கும் நிஜப் பந்து வேண்டாம். சுமார் 46 கிராம் எடையுள்ள அந்தக் கடினப் பந்து தொலைக்காட்சித் திரைக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் வேறுபாடு பார்க்காது. நுரைப் பந்து போதும். மட்டை தரையில் எங்கே படுகிறது என்பதைப் பழகப் பந்தின் எடை தேவையில்லை.

வாங்கிய பிறகு

நம் ஊர் ஈரப்பதத்தில் ரப்பர் அடித்தளத்தை நாள் கணக்கில் தரையோடு ஒட்டி வைத்தால் அடியில் ஈரம் தங்கும். வாரம் ஒருமுறை தூக்கிக் காற்றாட நிறுத்துங்கள். மாடத்து வெயிலில் நிரந்தரமாக விடாதீர்கள், இழை வெளுத்து நொறுங்கும். பெரிய விரிப்பு 20 கிலோவுக்கு மேலும் இருக்கும். அதைத் தினமும் தூக்கப் போவது யார் என்று வாங்கும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.

பழைய விரிப்பு வாங்குவதும் தவறில்லை. ஒருமுறை ஆசைப்பட்டு வாங்கி, மூலையில் நிறுத்திவிட்டு விற்பவர்கள் நிறையப் பேர். படத்தைப் பார்த்துப் பணம் அனுப்பாமல் நேரில் போய்ப் பந்து வைக்கும் இடத்தைத் தடவிப் பாருங்கள். அங்கே இழை சாய்ந்து பள்ளம் விழுந்திருந்தால் விட்டுவிடுங்கள்.

என் வரிசை இதுதான். முதலில் இரண்டு அல்லது மூன்று மீட்டர் தட்டைப் புட்டிங் விரிப்பு. ஆறு மாதம் அதைத் தூசி படியாமல் பயன்படுத்தினால், அடுத்து குத்துச் சோதனையில் தேறிய, மாற்றக்கூடிய பட்டை வைத்த அடிக்கும் விரிப்பு. கைவசம் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் புட்டிங் விரிப்போடு நிறுத்திக்கொண்டு, மிச்சத்தை மாதம் இரண்டு முறை பயிற்சிக் கூடத்துக்குப் போக வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டம் முன்னேற அது போதும், முழங்கையும் உங்களோடு நெடுநாள் இருக்கும்.