பூசிய சாயத்தைப் பக்குவமாக அகற்றும் முறை



பள்ளி விடுமுறை வந்தால் நம் பிள்ளைகள் பலர் பிளாஸ்டிக் மாதிரி உருக்களைப் பொருத்தத் தொடங்கிவிடுகிறார்கள். விமானம், போர்க்கப்பல், பந்தயக் கார், இயந்திர மனிதன் என்று ஜப்பானிய நிறுவனங்களான தமியாவும் பண்டாயும் செய்து அனுப்பும் பெட்டிகள் கோலசிலாங்கூர்ப் பிள்ளைகளுக்கும் பழக்கமானவைதாம். கைக்கும் கண்ணுக்கும் பொறுமைக்கும் நல்ல பயிற்சி தரும் பொழுதுபோக்கு இது.

ஆனால், கை தேறாத பிள்ளை பூசும் முதல் சாயம் வழிந்து திட்டுத்திட்டாகப் போவது இயல்பு. உடனே பிள்ளை என்ன செய்கிறது? வாசற்கதவுக்குச் சாயம் அடித்தபோது மிஞ்சிய தின்னர் டின்னைத் தேடி எடுத்து, உருவை அதில் ஊற வைக்கிறது. சற்று நேரத்தில் விமானத்தின் இறக்கை வளைந்து குழைந்துவிடுகிறது. மாதக்கணக்கில் சேர்த்த உண்டியல் பணம் போயிற்று. அதைவிட, மூடிய அறையில் அந்த ஆவியைச் சுவாசித்த நுரையீரலுக்கும், திரவம் தெறிக்கக்கூடிய கண்ணுக்கும் நேரக்கூடிய கேடு பெரிது. பொருளும் கெடாமல், பிள்ளைக்கும் தீங்கில்லாமல் சாயத்தை மட்டும் அகற்றுவது எப்படி என்பதை இன்று பார்ப்போம்.

முதலில், அக்ரிலிக் சாயம் என்பது என்ன? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ரப்பர்ப் பாலில் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் நீரில் மிதக்கின்றன. மங்கில் தங்கிய பால் உறைந்து காய்ந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்பாலாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் அது மீண்டும் பாலாகாது. நீரில் கலக்கும் அக்ரிலிக் சாயமும் இத்தகையதே. ஈரமாக இருக்கும்போது தூரிகையைத் தண்ணீரில் கழுவலாம். காய்ந்தபின் அது ஒரு மெல்லிய தோல். அந்தத் தோலை இளக்க வேறொரு திரவம் வேண்டும்.

அடுத்து, உரு எதனால் ஆனது? பெரும்பாலான மாதிரி உருக்கள் பாலிஸ்டைரின் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. கடையில் சோறு கட்டித் தரும் வெள்ளைப் பெட்டியும் காற்று ஏற்றி நுரையாக்கிய அதே பொருள்தான். நகப்பூச்சு நீக்கியில் பெரும்பாலும் இருக்கும் அசிடோன் ஒரு சொட்டு விழுந்தால் அந்தப் பெட்டி ஓட்டையாகிவிடும். தின்னரும் பெட்ரோலும் அப்படியே. உருவை ஒட்டும் பசைகூட இவ்வகையானதுதான். அது பிளாஸ்டிக்கின் இரு விளிம்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்குகிறது. பசையாக ஒரு துளி செய்யும் வேலையை, ஒரு கிண்ணம் தின்னர் உரு முழுவதற்கும் செய்துவிடும்.

ஆகவே நமக்கு வேண்டியது சாயத்தின் தோலை இளக்கவேண்டும், பிளாஸ்டிக்கைத் தொடக்கூடாது. அத்தகைய திரவங்களுள் கையாள எளியது ஐசோபுரோப்பில் ஆல்கஹால். மருந்துக் கடைகளில் நூற்றுக்கு 70 பங்கு அளவிலும், அதற்கு மேலும் கிடைக்கும். 70 பங்கு உள்ளது சற்று மெதுவாக வேலை செய்யும், அவ்வளவுதான். பெயர்ச்சீட்டு இல்லாமல் அளந்து ஊற்றிக் கொடுக்கும் ஸ்பிரிட்டை வாங்காதீர்கள். அதில் மெத்தனால் இருக்கக்கூடும். 2018ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் மாண்டதை நாம் மறந்திருக்க மாட்டோம்.

இனி செய்முறை. முதலாவதாக, பாகங்கள் பொருத்தப்பட்டிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் துண்டு ஒன்றைத் திரவத்தில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். அது குழையாமலும் வெடிக்காமலும் இருந்தால்தான் உருவைத் தொடவேண்டும். இரண்டாவதாக, கண்ணாடி போன்ற பாகங்களையும், இறுக்கமாகச் செருகிய மூட்டுகளையும் கழற்றி எடுத்துவிடுங்கள். இறுக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் ஆல்கஹாலில் விரிசல் விடக்கூடும். இயந்திர மனித உருக்களின் மூட்டுகளில் வரும் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்கில் இந்த ஆபத்து அதிகம். மூன்றாவதாக, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் பாகங்கள் மூழ்குமளவு ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு பழைய பல் தூரிகையால் மெல்லத் தேயுங்கள். சாயம் பிசிறாகக் கழன்று வரும். வராத இடத்தை மறுபடி ஊறவையுங்கள். கத்தியால் சுரண்ட வேண்டாம். கடைசியில் சவர்க்கார நீரில் கழுவி நிழலில் உலர்த்துங்கள். எனாமல் சாயமாக இருந்தால் இம்முறைக்கு அது எளிதில் இளகாது. பொறுமையிழந்து தின்னருக்குத் தாவிவிடாதீர்கள்.

நெருப்பைப் பற்றி அழுத்திச் சொல்லவேண்டும். தூய ஐசோபுரோப்பில் ஆல்கஹாலின் ஆவி ஏறத்தாழ 12 பாகை செல்சியஸிலேயே தீப்பற்றும் நிலையை அடைகிறது. நம் வீட்டு வெப்பமோ 30 பாகையை ஒட்டியது. ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போகும். எனவே அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி, சிகரெட் எதுவும் அருகில் இருக்கலாகாது. காற்றோட்டமான ஐந்தடியில், ரப்பர்க் கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் அணிந்து, பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்வதே முறை. கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போகவேண்டும். குடிபானப் புட்டியில் ஊற்றி வைப்பதோ கூடவே கூடாது.

சிலர் டெட்டோலில் ஊறவைப்பார்கள். சாயம் கழலும், ஆனால் உடனே தண்ணீர் பட்டால் அது பிசினாகிப் பாகத்தில் ஒட்டிக்கொள்ளும். மோட்டார் பிரேக் எண்ணெயும் சாயத்தை எடுக்கும். அது உள்ளே போனால் நஞ்சு, தோலுக்கும் ஆகாது. சோடாக்காரம் கலந்த அடுப்புத் துப்புரவுத் திரவமோ கண்ணைப் பறித்துவிடும். இவை பிள்ளைகளுக்கு உரியவை அல்ல.

வேலை முடிந்தது. மீந்த அழுக்குத் திரவத்தை எங்கே ஊற்றுவது? வீட்டுப் பின்புறக் கால்வாய் என்பதுதான் பலரின் விடை. அந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2020ஆம் ஆண்டு செப்டம்பர்த் தொடக்கத்தில் ரவாங் வட்டாரத்துக் கோங் ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தது. கரைப்பான் வாடை சிலாங்கூர் ஆறுவரை வந்ததால் நான்கு நீர் சுத்திகரிப்பு நிலையங்களை மூடவேண்டியதாயிற்று. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் நாட்கணக்கில் தண்ணீர் இல்லை. வாளியும் கையுமாக நின்றவர்களில் நாமும் இருந்தோம். அதே ஆறுதான் கம்போங் குவாந்தானைக் கடந்து கடலுக்குப் போகிறது. பெரெம்பாங் மரங்களில் மின்னும் மின்மினிகளின் புழுக்கள் அந்தக் கரைச் சேற்றில்தான் நத்தைகளைத் தின்று வளர்கின்றன. ஒரு பிள்ளையின் கிண்ணத்துத் திரவம் தொழிற்சாலைக் கழிவுக்கு ஈடாகாதுதான். ஆனால் ஊற்றுகிற பழக்கம் ஒன்றே.

எனவே திரவத்தை மூடி ஓரிரு நாள் வைத்துவிடுங்கள். சாயம் அடியில் படியும். தெளிந்ததைத் துணியில் வடிகட்டினால் அடுத்த முறைக்கும் உதவும். அடிமண்டியை நெருப்பில்லாத திறந்த வெளியில், பிள்ளைகளுக்கும் கோழிகளுக்கும் எட்டாத இடத்தில் நன்கு காயவிட்டுப் பழைய நாளிதழில் சுற்றிக் குப்பையில் போடுங்கள்.

சாயம் கெட்டதால் உரு கெட்டதாகிவிடாது, மறுபடி பூசலாம். எதை எது கரைக்கும், கரைந்தது எங்கே போகும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்ட பிறகு புட்டியைத் திறக்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளுக்கு ஏற்படுத்துவோமானால், அதுவே அறிவியல் கல்வியின் நல்ல தொடக்கமாகும்.